மாமல்லபுரத்துப் பாறையில் மாயநீர்

மெய்யாகவுள்ள ஓரிடத்தைக் காமிராவின் வழியே காட்டி, அதனிடையே இல்லாத பொருளொன்றையும் உடனிருப்பதாகத் தோற்றுவிக்கும் கலையை ஆக்மென்டெட் ரியாலிட்டி என்பர். தமிழில் மிகைமெய் எனலாம். மாயப்பொருளை அழகுற வரைதல் இன்று அரிதன்று. அதனை மெய்ப்பொருளோடு இயையச் செய்தலே அரிது. அவ்வருமையை நம் செங்கற்பட்டு மாவட்டத்து ஓரிடத்தை வைத்தே ஆராய்வோம்.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் பெருஞ்சிற்பத்தை அறியாதார் இலர். இரு பெரும்பாறைகட்கிடையே இயற்கையாய் அமைந்த பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலெழுகின்றனர். உச்சியில் நீர்த்தொட்டி இருந்தமைக்கு அடையாளங்கள் உள்ளமையால், பல்லவர் காலத்தில் இப்பிளவின் வழியே நீர் வீழ்ந்திருத்தல் வேண்டுமென்பர் ஆராய்ச்சியாளர் பலர். அந்நீரைக் கைப்பேசித் திரையில் மீண்டும் பாயவிட விரும்பின் செய்யவேண்டுவன யாவை?

முதலாவது மறைப்பு. கணிப்பொறி வரையும் நீர், படத்தின்மேல் ஒட்டிய காகிதம்போல நாகரையும் மூடி நிற்கும். நீரோ அவர்தம் பின்னும் தோளின்மேலும் வழிதல் வேண்டும். ஆதலின் பிளவையும் நாகரையும் முன்னரே அளந்து, அவ்வுருக்களை நிறமின்றிக் கணிப்பொறியில் அமைத்துக்கொள்வர். அவை கண்ணுக்குப் புலப்படா. எனினும் எப்பகுதி எவ்வளவு தொலைவிலுள்ளதென்பதை அவற்றால் அறிந்து, நாகருக்குப் பின்னுள்ள நீரைக் கணிப்பொறி வரையாது விடும். ஆனால் முன்னளந்த உரு, சிற்பத்தின் குறுக்கே வந்து நிற்கும் ஆட்டையோ சுற்றுலாக் கூட்டத்தையோ அறியாது. அதற்குக் கைப்பேசி அவ்வப்போது தானே தொலைவை அளத்தல் வேண்டும். அவ்வளவையோ நுண்ணிய விளிம்புகளிற் பிசகும்.

அடுத்தது ஒளி. இச்சிற்பம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேரே படும், பிற்பகலில் நிழலே. அப்போதும் மாயநீர் காலைநீர்போல் மின்னுமாயின் பொய் வெளிப்பட்டுவிடும். 1998-ஆம் ஆண்டில் பால் டெபெவெக் என்பார் இதற்கொரு வழி காட்டினார். பொருளை வைக்கவேண்டிய இடத்தில் கண்ணாடிபோற் பளபளக்கும் உருண்டையொன்றை வைத்து, ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பலமுறை படமெடுத்தால், எத்திசையினின்றும் வரும் ஒளியின் அளவு கிடைத்துவிடும். அவ்வொளியைக் கொண்டே மாயப்பொருளை வரைவர். பின்னர் அப்பொருள் இருந்தால் அண்டையிடம் எவ்வாறு தோன்றும், இல்லாவிடின் எவ்வாறு தோன்றும் என இருமுறை கணக்கிட்டு, வேறுபாட்டை மட்டும் மெய்ப்படத்தோடு கூட்டுவர். நிழல் விழுவது இவ்வாறே.

நமக்கு இப்பிற்பகுதியே இன்றியமையாதது. என்னை? நனைந்த கல் கருக்கும், பளபளக்கவும் செய்யும். நீரை எத்துணைத் திறமையாக வரைந்தாலும், அதனடியிற் கல் உலர்ந்திருப்பின் யார் நம்புவர்? மெய்ப்பொருளும் மாறினாலன்றி மாயப்பொருள் ஒட்டாது.

நிற்க. இயைபு முற்றுப்பெறின் ஓர் இடர் உண்டு. தொட்டியின் அடையாளம் சான்று. வீழும் நீரின் அளவும் வேகமும் வரைவோன் கருத்து. இரண்டும் பிரிவின்றிக் கலந்துவிடின், காணும் சிறுவன் ஊகத்தையே வரலாறெனக் கொள்வான். ஆதலின் திரையைத் தொட்டதும் நீர் நீங்கி வறண்ட பிளவு தோன்றுமாறு அமைத்தல் வேண்டுமென்பது எமது கருத்து.

மூக்குக் கண்ணாடிபோல் அணியும் கருவி இதற்கு ஏற்றதோ எனின், கண்ணாடியூடே நேரே நோக்கும் வகைக்கு ஒரு குறையுண்டு. அது பெரும்பாலும் ஒளியைச் சேர்க்குமேயன்றிக் குறைக்கமாட்டாது. நீரின் மின்னலைக் காட்டலாம். நனைந்த கல்லின் கருமையைக் காட்டவியலாது. கடற்கரை வெயிலில் அம்மின்னலும் மங்கும். கைப்பேசியோ காமிராப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் வேண்டியவாறு மாற்றவல்லது. இப்பாறைக்கு அதுவே போதும்.