மீன் எண்ணெய் மனநோயைத் தீர்க்குமா?

கேள்வி: என் மகன் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறான். ஒமேகா-3 மாத்திரை கொடுத்தால் மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: நிறுத்தக் கூடாது, அம்மா.

இந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லாமலில்லை. நீரை நீக்கிப் பார்த்தால், மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். மீன் எண்ணெயிலுள்ள டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நரம்பணுக்களின் சவ்வை நெகிழ்வாக வைக்கிறது. அதிலுள்ள மற்றோர் ஒமேகா-3 அமிலமான ஈபிஏ அழற்சியைக் குறைக்க உதவுகிறது. மனச்சோர்வு ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது ஈபிஏ மிகுந்த மாத்திரைகளில்தான். அதுவும் பெரும்பாலும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது.

வேறொரு மனநோயான மனப்பிறழ்வு வரும் அபாயமுள்ள 81 இளையோரில் சுமார் பாதிப் பேருக்கு வியன்னாவில் 12 வாரம் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில், அதைச் சாப்பிட்டவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கே நோய் வந்தது. சாப்பிடாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு மேல். 2010இல் வெளிவந்த இந்த முடிவு பெரும் நம்பிக்கை தந்தது. ஆனால் பல நாடுகளில் 304 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை.

சௌராஸ்தா சந்தையில் கெம்போங், மத்தி மீன் வாங்கி வாரம் இருமுறை குழம்பு வையுங்கள். இரண்டு அமிலங்களும் கிடைக்கும். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேளுங்கள். குறிப்பாக, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள். மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். மகன் விரக்தியாகப் பேசினால் தாமதிக்காமல் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.