தண்டனை கூடினால் மலை தப்புமா?

கேள்வி: கஞ்சா, போதை மாத்திரை விற்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டினால் எங்கள் சேர்வராயன் மலைப் பிள்ளைகள் தப்புவார்களா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே கடுமையானதுதான் அம்மா. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல், ஜாமீன் குதிரைக்கொம்பு. ஆனால் பொட்டலம் போட்டு விற்பவன் ஒரு கிலோவுக்கு உள்ளேதான் வைத்திருப்பான். அதற்கு அதிகபட்சம் ஓராண்டு. பள்ளி, கல்லூரி வாசலில் விற்பவனுக்காவது அதைக் கூட்டியே ஆகவேண்டும். போதைக்காகவும் விற்கப்படும் வலி மாத்திரை டிரமடாலையே 2018-இல்தான் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்! ஆனாலும் தண்டனையைவிடப் பிடிபடுவோம் என்ற பயமே பெரிது. ஏற்காட்டுக்கு ஏற அடிவாரம், குப்பனூர் என முக்கியச் சாலைகள் இரண்டுதானே? அங்கே சோதனை தளரக்கூடாது. விற்பவனைத் தெரிந்தால் 1933 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையை மீட்கவும் அங்கேயே வழிகாட்டுவார்கள்.