எழுதாததைப் படிக்கலாமா?

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவி நான். சுத்தமான தண்ணீர் ஓர் உரிமை என்று அரசமைப்பில் எங்குமே இல்லை. ஆனாலும் பாலாற்றைக் கெடுத்த தோல் ஷாப் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடுவும் அரசமைப்பில் இல்லை. அதை விதித்த தீர்ப்பை மட்டும் 2025 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் ஏற்கவில்லை. இதே கணக்கில் பாலாற்றுத் தீர்ப்பும் ஒருநாள் போய்விடாதா? ராணிப்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டுக் கிணற்று நீரில் இன்றும் பருப்பு வேகாது.
– ஒரு வாசகி, நெமிலி

பதில்: போகாது. ஆனால் கேள்வி பொல்லாத கேள்விதான். ஏனென்றால், உச்ச நீதிமன்றத்தின் பர்திவாலா, மகாதேவன் ஆகிய அதே இரு நீதிபதிகள்தான் 2025 ஜனவரி 30இல் பாலாற்று மாசு பற்றிய இன்னொரு தீர்ப்பையும், ஏப்ரல் 8இல் ஆளுநர் தீர்ப்பையும் தந்தார்கள்.

எழுத்தை மட்டும் பார்த்தால் ஆளுநர் வழக்குக்குத்தான் பிடிமானம் அதிகம். மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் கூடிய சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று 200ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 21ஆம் பிரிவில் இருப்பதோ உயிரும் தனிமனிதச் சுதந்திரமும்தான். அந்த ‘உயிரு’க்குள் மாசற்ற நீரையும் காற்றையும் 1991இலேயே சுபாஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் படித்துவிட்டது.

பிறகு ஏன் நீர் உரிமை நின்றது, ஆளுநர் தீர்ப்பு சாய்ந்தது? உரிமையை விரித்துப் படிக்கும்போது நீதிமன்றம் இன்னொருவர் நாற்காலியில் உட்காருவதில்லை. ஏப்ரல் தீர்ப்போ காலக்கெடுவோடு நிற்காமல், முழு நீதிக்கான தனி அதிகாரம் தரும் 142ஆம் பிரிவைக் கையிலெடுத்து, தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளச் சொன்னது. இடறியது அங்கேதான் என்பது என் கணிப்பு. (காரணமே சொல்லாமல் ஆளுநர் இழுத்தடித்தால் ‘முடிவெடுங்கள்’ என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என ஐந்து நீதிபதிகளின் நவம்பர் 20 கருத்துரையும் ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறது.)

1996 பாலாற்றுத் தீர்ப்பிலும் ஆட்டம் காணும் கால் ஒன்று உண்டு. வளங்குன்றா வளர்ச்சியைச் சர்வதேச வழக்காற்றுச் சட்டம் என்று எழுதிய நீதிபதி குல்தீப் சிங், அதன் கூறுகளைச் சர்வதேசச் சட்ட அறிஞர்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை என்பதையும் கூடவே ஒப்புக்கொண்டார். முடிவாகாத வழக்காறு நம் நாட்டுச் சட்டமாவது எப்படி என்று ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். நியாயமான பிடிதான். ஆனால் அந்தக் காலை உருவினாலும் கூரை விழாது. 21ஆம் பிரிவும், சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் 48அ, 51அ பிரிவுகளும், 1974 நீர்ச் சட்டமும், 1986 சுற்றுச்சூழல் சட்டமும் தாங்கிக்கொள்ளும்.

எனக்கு உறுத்துவது வேறு. தொழிற்சாலைக் கழிவால் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமோ பாழ் என்று 1996 தீர்ப்பே பதிவுசெய்தது. 2025இலும் இழப்பீட்டைக் கொடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. 2001, 2009 ஆண்டுகளில் தீர்மானித்த தொகையில் பாக்கியை ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது ஜனவரித் தீர்ப்பு. அக்காவின் மாமனார் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மனுவில் சர்வே நம்பர் இருக்கட்டும். சிட்டா நகலையும் இணைக்கட்டும்.