பரணில் நாலு கேமரா

கேள்வி: ஐயா, என் மாமனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. போகிக்குள் பரணை ஒழிக்கலாம் என்று ஏறினால், டிரங்குப் பெட்டிக்குள் நாலு கேமரா. ஒரு ஆக்ஃபா கிளிக் 3, ஒரு யாஷிகா எம்எஃப்-2, அவர் கடைசியாக வாங்கிய டிஜிட்டல் கேமரா, பெயரே அழிந்துபோன இன்னொன்று. காயலான் கடைக்காரர் மொத்தமாக நூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். என் வீட்டுக்காரருக்கு விற்க மனசில்லை, உட்கார்ந்து பார்க்கவும் நேரமில்லை. எனக்கோ சிலிண்டர், ரேஷன், மிக்ஸி ரிப்பேர் என்று நாள் ஓடுகிறது. எதை வைப்பது, எதைத் தள்ளுவது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, விற்பதா வைப்பதா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் எந்தக் கேமராவின் பின்மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே கழுவாத பிலிம் இருக்கலாம்.

யாஷிகாவின் மேல்பக்கத்தில் பிலிமைத் திருப்பிச் சுற்றும் சின்னக் கைப்பிடி இருக்கும். அதை வலப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். லொடலொடவென்று சுற்றினால் காலி; இழுத்துப் பிடித்தால் பிலிம் இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு, பிடிப்பு விடும்வரை சுற்றிவிட்டு, பிறகு திறக்கலாம். ஆக்ஃபா கிளிக்கில் இந்த வேலை கிடையாது. அதில் போடுவது 12 படம் எடுக்கும் 120 ரோல். பின்னால் இருக்கும் சிவப்புக் கண்ணாடி ஓட்டையில் எண் தெரிந்தால் ரோல் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். காகிதம் முழுக்க ஓடி முடியும்வரை சுற்றி, நிழலில் எடுங்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோலாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். கலர் பிலிமைவிடக் கறுப்பு வெள்ளை அதிக வருஷம் தாங்கும். கலரென்றால் சாயம் மாறியிருக்கும். ஆனாலும் முகம் தெரியும். பிலிம் கழுவும் லேப்கள் இப்போது குறைவு, பெரும்பாலும் கூரியரில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் கேமராவில் இருப்பது பழைய வகை கார்டு என்றால் ரீடர் தேடி அலையாதீர்கள். கேமராவின் சொந்த கேபிளைக் கண்டுபிடித்தால் கம்ப்யூட்டரில் நேரே ஏற்றிவிடலாம். படத்தை எடுக்காமல் காயலான் கடைக்குக் கொடுத்தால் குடும்பப் படங்கள் யார் கைக்கோ போகும். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

யாஷிகாவின் பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் போதும். பிள்ளைகள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தால் விரட்டிவிடுங்கள். பிளாஷுக்குள் இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் பிடித்து வைத்திருக்கும், பேட்டரி எடுத்த பிறகும் உதைக்கும்.

விலை? எம்எஃப்-2 அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்தது. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பிலிம் கேமராப் பித்துப் பிடித்த கல்லூரிப் பையன்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஷட்டர் வேலை செய்தால் நூறு ரூபாய்க்கு மேலேயே கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், அதுவும் ஷோகேஸில், கண்ணில் படுகிற இடத்தில். பரணுக்குத் திரும்பினால் அடுத்த போகிக்கும் இதே கடிதம் எழுதுவீர்கள். பெயர் அழிந்த கேமராவின் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடியிருந்தால் அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் தள்ளிவிடலாம்.

இதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்காதீர்கள்; அந்த ஞாயிறு வராது. மிக்ஸி ஜாரைச் சரிசெய்யக் கொண்டுபோகிற பையிலேயே ரோலையும் போட்டு, வழியில் கூரியர் கடையில் கொடுத்துவிடுங்கள். கேபிளை, சார்ஜர்கள் கிடக்கும் டிராயரைக் குடைகிற அன்றைக்குத் தேடுங்கள்.

தோல் உறைகளை யோசிக்காமல் தூக்கிப் போடலாம். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்ப்பவை அவைதான். அதற்கு முன் உள்ளே விரல் விட்டுத் துழாவுங்கள். வாங்காமல் விட்ட பிரிண்டுகளின் ஸ்டூடியோ ரசீதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் அங்கேதான் செருகி வைப்பார்கள்.