மைதான ஓரத்திலிருந்து ஒரு சொல்

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனியைத் தவிர வேறு பனியை யாழ்ப்பாணத்தில் நாம் கண்டதில்லை. ஆனாலும் இளம் வீராங்கனைகளின் மனதைப் பற்றி எழுத வந்த நான், பனிச்சறுக்குப் பந்தயத்திலிருந்தே தொடங்குகிறேன். மனம் செய்யும் வேலை அந்த விளையாட்டில் வெளிப்படையாகத் தெரியும். வீராங்கனை மலையுச்சியில் தனியாக நிற்கிறாள். சரிவில் நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஓரிடத்தில் வழி தவறினாலும் பந்தயம் முடிந்துவிடும். வெற்றியையும் தோல்வியையும் செக்கனின் நூறில் ஒரு பங்கு தீர்மானிக்கும்.

அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் இந்த விளையாட்டின் முதன்மையான வீராங்கனை. 2014, 2018 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் மூன்று பந்தயங்களை முடிக்கவே இல்லை. ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில், 86 உலகக் கிண்ண வெற்றிகள் என்ற ஸ்டென்மார்க்கின் நீண்டகாலச் சாதனையைக் கடந்தார். 2025இல் நூறாவது வெற்றியையும் பெற்றார். பந்தயத்துக்கு முன் வாந்தி வருமளவுக்குப் பதற்றம் இருந்த காலத்தைப் பற்றியும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

உலகின் முதல் வரிசையில் நிற்பவருக்கே இந்த நிலையென்றால், வலயமட்டப் போட்டியில் முதன்முறையாக ஓடப்போகும் 13 வயதுப் பிள்ளைக்கு எப்படியிருக்கும்? அந்தப் பிள்ளையின் கவனத்தை எங்கே திருப்பிவிடுகிறோம் என்பது பெரும்பாலும் நம்முடைய சொற்களில்தான் இருக்கிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பதற்றம் ஒரு நோயல்ல

பந்தயத்துக்கு முன் நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், வயிற்றைப் பிசைவதும் அதிரினலின் சுரப்பதன் அறிகுறிகள். உடல் ஓட்டத்துக்குத் தயாராகிறது என்பதே அதன் பொருள். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். கடினமான செயலைக் கற்கும்போது தூண்டல் அளவோடு இருந்தால் பயன் தருகிறது, அளவுக்கு மிஞ்சினால் கெடுக்கிறது என்று கண்டனர். பின்வந்தோர் இக்கருத்தை மனிதரின் செயல்திறனுக்கும் விரித்தனர்.

எனவே, “பயப்படாதே” என்று பிள்ளையிடம் சொல்வதில் பயன் குறைவு. பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. இப்போது பயந்ததற்காகவும் அவள் வெட்கப்படுவாள். “நெஞ்சு அடிக்குதா மகள்? ஓடுறதுக்கு உடம்பு ஆயத்தமாகுது. மூச்சை மெதுவா விடு” என்பது உதவும்.

கால் எங்கே, கவனம் எங்கே?

1998இல் கபிரியேலே வுல்ஃபும் அவருடன் சேர்ந்தோரும் பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் இயந்திரமொன்றில் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு குழுவினரிடம் தங்கள் பாதத்தில் கவனம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம் பாதத்துக்குக் கீழிருந்த சில்லுகளில் கவனம் வைக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆனாலும் சில்லில் கவனம் வைத்தவர்களே அசைவை நன்றாகக் கற்றனர்.

பழகிய அசைவை உடல் தானாகச் செய்யும். அதை நாமே பிடித்து நடத்த முயன்றால் தடுமாறும். மைதான ஓரத்தில் நின்று “காலைப் பார், விழுந்திடாதே!” என்று கத்தும்போது பிள்ளையின் கவனத்தை அவளுடைய காலுக்கே இழுத்துவிடுகிறோம். “கோட்டைப் பார்த்து ஓடு”, “வளையத்தைப் பார்த்து எறி” என்பவை பார்வையை வெளியே, இலக்கை நோக்கித் திருப்பும் சொற்கள்.

நம் மண்ணின் சான்று

புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத வலைப்பந்தாட்ட வீராங்கனை நம் பாடசாலையில் இருக்கமாட்டார். அவருடைய உயரம் ஏறத்தாழ 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்காகச் சிறுவயதில் கேலிக்குள்ளானதை அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அதே உயரத்தோடுதான் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல் எறியும் வீராங்கனையாகத் தெரிவானார். 2019இல் லிவர்பூலிலும் அதிக கோல்கள் அவருடையவையே.

கேலியைக் கேட்டு அவர் வீட்டுக்குள் முடங்கியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திராது. “கறுத்துப் போவாய்”, “இந்த உடம்போடயா ஓடப்போறாய்?” என்று நாம் விளையாட்டாகச் சொல்வதைப் பிள்ளை விளையாட்டாக எடுப்பதில்லை. எட்டாம், ஒன்பதாம் தரத்தோடு மைதானத்தை விட்டு விலகும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், பயிற்சி கடினம் என்று சிலரே சொல்கிறார்கள். யாரோ சொன்ன ஒரு சொல்லைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மார்க்கம் இதற்குத் தடையோ என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதல் முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். வென்றாலும் தோற்றாலும் அங்கே அன்பு குறையவில்லை. உடை பற்றிய கவலையும் இன்று முன்போல் இல்லை. 2014இல் ஃபிஃபா தலைமறைப்பை அனுமதித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாப் அணிந்தே வாள்வீச்சில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

போட்டி முடிந்த பின்

1998இல் முல்லர், ட்வெக் என்னும் ஆய்வாளர்கள் ஐந்தாம் தர வயதுப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்தனர். சிலரைக் கெட்டிக்காரர் என்று புகழ்ந்தனர்; சிலரை நன்றாக முயன்றதாகப் புகழ்ந்தனர். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் சறுக்கினர். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் சளைக்காமல் தொடர்ந்தனர். கெட்டித்தனத்துக்காகப் புகழப்பட்டவர்களோ ஆர்வம் இழந்தனர்; அடுத்த முயற்சியிலும் பின்தங்கினர். “நீ பிறவி ஓட்டக்காரி” என்ற புகழ், தோற்கும் நாளில் பாரமாகிவிடும்.

பெற்றோரிடம் நான் கேட்பது மூன்று. போட்டிக்கு முன் இடத்தைப் பற்றிப் பேசாதீர்கள். “வெளிக்கிடும்போது கவனமாயிரு, வளைவில் வேகத்தை விடாதே” என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். போட்டி நடக்கும்போது கைதட்டுங்கள். பயிற்சி சொல்லும் வேலையை ஆசிரியையிடம் விடுங்கள். முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் குறைகளை எண்ணாதீர்கள். “நீ ஓடினதைப் பார்க்க எனக்குச் சந்தோசம்” என்று வாப்பா சொல்லும் ஒரு வசனம் போதும். பிழைகளை இரண்டு நாள் கழித்து, அவளாகக் கேட்கும்போது பேசலாம்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுங்கள்: பிஸ்மி சொல்லுங்கள், மூன்று முறை மூச்சை மெதுவாக விடுங்கள், முடிவுக் கோட்டைப் பாருங்கள். பக்கத்துப் பாதையில் நிற்பவளின் வேகம் உங்கள் கையில் இல்லை. உங்கள் அடுத்த அடி உங்கள் கையில் இருக்கிறது. தோற்ற தோழியின் பக்கத்தில் போய் இருங்கள். அறிவுரை வேண்டாம், ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள்.

அடுத்த தவணை இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது. கடைசியாக ஓடிவரும் பிள்ளையும் கோட்டைத் தாண்டும் வரை நாம் கைதட்டினால், மறுவருடமும் அவள் பெயர் கொடுப்பாள்.