சேவையகக் கொத்தும் மின்னாவணப் பாதுகாப்பும்: சித்தன்னவாசல் ஓவியங்களை முன்வைத்து

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளமும் தூண்களில் ஆடல் மகளிரும் தீட்டப்பட்டுள்ளன. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. ஓவியங்களின் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சியவையும் ஓரிடத்தில் மட்டுமே உள்ளன. இத்தகைய ஓவியங்களின் மின்படிமங்களை ஒரே கணினியில் வைப்பின் பழைய இடரே புதிய வடிவில் தொடரும். இதற்குத் தீர்வாகக் கூறப்படும் சேவையகக் கொத்தின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொத்தின் இயல்பு

பல சேவையகங்களை இணைத்து, பயன்படுத்துவோருக்கு ஒன்றேபோல் தோன்றச் செய்யும் அமைப்பே சேவையகக் கொத்து. அதன் உறுப்புகள் கணுக்கள் எனப்படும். அவை குறுகிய இடைவெளியில் ஒன்றுக்கொன்று குறிகை அனுப்பிக்கொள்ளும். இதனை ‘இதயத்துடிப்பு’ என்பர். துடிப்பு நின்ற கணுவின் பணியைப் பிறிதொரு கணு ஏற்கும். ஒன்று இயங்க மற்றொன்று காத்திருப்பது ஒருவகை. அனைத்தும் பணியைப் பகிர்ந்துகொள்வது மற்றொரு வகை.

டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் 1983இல் வாக்ஸ்கிளஸ்டரை அறிமுகம் செய்தது. அம்மரபில் வந்த ஓப்பன்விஎம்எஸ் கொத்துகள் இந்திய இரயில்வேயின் பயணச்சீட்டு முன்பதிவுக்குப் பயன்பட்டன. அம்முன்பதிவு மையங்களுள் சென்னையும் ஒன்று.

பெரும்பான்மை விதி

கணுக்களுக்கிடையிலான இணைப்பு அறுபடின், இரு பகுதிகளும் மற்றது செயலிழந்ததெனக் கருதித் தனித்தனியே இயங்கக்கூடும். முன்பதிவில் இது நேர்ந்தால் ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படும். இதனைத் தவிர்க்கவே பெரும்பான்மை விதி வகுக்கப்பட்டது. மூன்று கணுக்கள் உள்ள கொத்தில் இரண்டு ஒன்றையொன்று தொடர்புகொள்ள முடிந்தால் மட்டுமே பணி தொடரும். தனித்து நிற்கும் கணு தானே ஒதுங்கும். இரு கணுக்களே உள்ள கொத்திற்கு மூன்றாவதாக ஒரு சாட்சி தேவைப்படுவதும் இதனாலேயே.

கணக்கும் அதன் நிபந்தனையும்

ஒரு சேவையகம் 99 விழுக்காடு நேரம் இயங்குவதாகக் கொண்டால், ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 87.6 மணி நேரம் அது கிடைக்காது. ஒன்றற்கொன்று ஈடான இரண்டு இருப்பின், இரண்டும் ஒருசேர நிற்கும் நேரம் ஏறத்தாழ 53 நிமிடமாகக் குறையும். எனினும், இரண்டின் பழுதும் ஒன்றையொன்று சாராதபோதே இக்கணக்குப் பொருந்தும். ஒரே மின்னிணைப்பையும் ஒரே சேமிப்பகத்தையும் நம்பியிருக்கும் கணுக்கள், எண்ணிக்கையில் பலவாயினும் இடரில் ஒன்றே.

கொத்தும் காப்புப்படியும்

கொத்து காப்பது சேவையின் தொடர்ச்சியை. தரவின் நிலைபேற்றை அன்று. ஒரு படிமம் தவறுதலாக அழிக்கப்பட்டால், அவ்வழிப்பும் எல்லாக் கணுக்களுக்கும் உடனே பரவும். ஓவியத்தின் வண்ணம் திரிந்த படிமமும் அவ்வாறே பரவும். ஆகவே காப்புப்படியின் பணியைக் கொத்திடம் ஒப்படைத்தல் பிழையாகும்.

முடிவுரை

பண்பாட்டு மின்னாவணத்திற்கு இரண்டும் வேண்டும். ஆய்வாளர் தடையின்றி அணுகக் கொத்து உதவும். மூலப்படிமங்களை நிலைநிறுத்த, வேற்றூரில், வலைத்தொடர்பற்ற காப்புப்படி இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து படிமங்களை மீட்டெடுக்க இயல்கிறதா எனக் குறித்த காலந்தோறும் சோதித்தலும் இன்றியமையாதது. குடைவரையில் ஓர் இதழ் உதிர்ந்தால் அதனை மீட்க வழியில்லை. மின்படிமத்திற்கு அவ்வழி உண்டு. திட்டமிடும்போதே அதற்கு இடமளிப்பது ஆவணமாக்கும் நிறுவனத்தின் கடமையாகும்.