மொத்தமா வாங்கினா உண்மையிலேயே மிச்சமா? காஸ்ட்கோ முதல் போடி ஏலக்காய் வரை ஒரு கணக்கு

சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. சூப்பர் மார்க்கெட்ல டிராலியைத் தள்ளிட்டுப் போறீங்க. 5 கிலோ பருப்பு, 3 லிட்டர் ஷாம்பு, 'ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ' பிஸ்கட். பில் அடியில 'நீங்கள் சேமித்தது 640 ரூபாய்'னு வருது. ஆனா 20-ம் தேதி அக்கவுண்ட்ல அந்த 640 இருக்கா? இல்லை. அது எங்க போச்சுன்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கார்டு இருந்தாத்தான் உள்ளே விடுவாங்க

அமெரிக்காவுல இருக்கிற உங்க கசின் காஸ்ட்கோ பத்திப் பெருமையா பேசியிருப்பாங்க. அது உறுப்பினர் கடை. 2024 செப்டம்பர்ல இருந்து அங்க சாதாரண கார்டுக்கு வருஷம் 65 டாலர். பொருள் மேல ரொம்பக் குறைஞ்ச லாபம்தான் வைக்கிறாங்க. கம்பெனி லாபத்துல பெரும் பங்கு இந்தக் கார்டு கட்டணத்துல இருந்துதான் வருது.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. வெளிக்கடையை விட அங்க 10 சதவீதம் மலிவுன்னு வெச்சுக்குவோம். 65 டாலரைத் திரும்ப எடுக்கவே வருஷத்துக்கு 650 டாலருக்கு வாங்கணும். அதுக்கு மேல வாங்கினாத்தான் மிச்சம். கார்டு வாங்கிட்டோமேன்னு தேவையில்லாததை அள்ளினா, அந்த மிச்சமும் போச்சு.

ஒரே கம்பெனியா இருந்தாலும் ஊருக்கு ஊர் சரக்கு மாறும். அதோட சாப்பாட்டுக் கவுன்ட்டர்ல கனடாவுல பூட்டின் கிடைக்கும், கொரியாவுல புல்கோகி பேக் கிடைக்கும். அந்த ஊர்க்காரங்க எதை நிறைய சாப்பிடுறாங்களோ அதைத்தான் விப்பாங்க.

நம்ம ஊர்ல இந்தக் கடை இருக்கா?

காஸ்ட்கோ கடை இந்தியாவுல இல்லை. மெட்ரோ 2003-ல பெங்களூருல வந்துச்சு. வால்மார்ட்டோட பெஸ்ட் பிரைஸ் 2009-ல அமிர்தசரஸ்ல திறந்தது. ரெண்டும் மொத்த வியாபாரக் கடைகளா ஆரம்பிச்சது. கடைக்காரர், ஹோட்டல்காரர் மாதிரி தொழில் செய்யறவங்களுக்குத்தான் அப்போ அங்க கார்டு கொடுத்தாங்க. சம்பளக்காரர்களுக்காக ஆரம்பிச்சது இல்லை.

ஆனா உறுப்பினர் கடைங்கிற யோசனை நமக்குப் புதுசு இல்லைங்க. சென்னை திருவல்லிக்கேணியில 1904-லயே டி.யு.சி.எஸ். கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாச்சு. அங்க உறுப்பினர் கட்டுறது கட்டணம் இல்லை, பங்குத்தொகை. அதாவது வாங்குறவரே கடைக்குப் பங்குதாரர்.

கோம்பைக் கணக்கு

எங்க ஊர் கோம்பை, தேனி மாவட்டம். பண்ணைப்புரம், தேவாரம் தாண்டிப் போனா போடி. அங்கதான் ஏலக்காய் ஏலம் நடக்குது. மலைமேல இடுக்கிப் பக்கம் விளையுற ஏலக்காய் அங்க வந்து, மில்லிமீட்டர் கணக்குல தரம் பிரிஞ்சு, ஊர் ஊராப் போகுது.

ஒரு கணக்குப் போடுவோம். விலை தினமும் மாறும், அதனால இதை உதாரணமா மட்டும் எடுத்துக்கோங்க. சென்னையில 50 கிராம் பாக்கெட் 250 ரூபாய், அதாவது கிராம் 5 ரூபாய். போடியில கிலோ 3,200 ரூபாய், கிராம் 3.20. கிராமுக்கு 1.80 மிச்சம். ஆனா தனியா இருக்கிற உங்களுக்கு ஒரு கிலோ எதுக்கு? ஆபீஸ்ல பத்துப் பேர் சேர்ந்தா ஆளுக்கு 100 கிராம், ஆளுக்கு 180 ரூபாய் மிச்சம். பொங்கலுக்கு எப்படியும் ஊருக்கு வர்றவர் வாங்கிட்டு வரட்டும். இதுக்குன்னே பஸ் ஏறினா மிச்சம் டிக்கெட்டுக்கே போயிடும். ரெண்டு இடத்துலயும் ஒரே சைஸ் காயைத்தான் ஒப்பிடணும், மறந்துடாதீங்க.

அதே பள்ளத்தாக்குல கம்பம் பன்னீர் திராட்சை இருக்கு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது. ஊர் விலையைப் பார்த்து ஒரு பெட்டி தூக்கிடாதீங்க! சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நசுங்கிடும். ரெண்டு பொருளும் எங்க பக்கத்துச் சரக்குதான். ஏலக்காய் மாசக்கணக்குல தாங்கும், திராட்சை தாங்காது. மொத்தமா வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது இந்த வித்தியாசம்தான்.

இதே மாதிரி உங்க ஊர்ச் சரக்கையும் யோசிங்க. ஈரோடுன்னா மஞ்சள், ராமநாதபுரம்னா குண்டு மிளகாய். சோப்பு, டிடர்ஜென்ட், பேஸ்ட் எல்லாம் எந்த ஊர்லயும் ஒரே எம்.ஆர்.பி.தான். அதை நகரத்துல ஆஃபர்ல வாங்கிக்கலாம், ஊர்ல இருந்து சுமக்க வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. ஒரு கிராம் என்ன விலை? பாக்கெட்ல எம்.ஆர்.பி. பக்கத்துல ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலைன்னு அச்சிட்டிருப்பாங்க. அது எம்.ஆர்.பி.யை வெச்சுப் போட்ட கணக்கு. ஆஃபர் விலைக்கு நீங்களே போன்ல ஒருதடவை வகுத்துப் பாருங்க. பெரிய பாக்கெட்தான் எப்பவும் மலிவுன்னு இல்லை.

2. கெட்டுப்போறதுக்குள்ள முடிப்பேனா? துவரம் பருப்பு கிலோ 160, 5 கிலோ பை 750-ன்னு வெச்சுக்குவோம். மிச்சம் 50 ரூபாய். அதுல 350 கிராம் வண்டு விழுந்து குப்பைக்குப் போனா 52 ரூபாய் நஷ்டம். மிச்சத்தை விட நஷ்டம் அதிகம்!

3. காசு யாரோடது? அதே 750 ரூபாயை கிரெடிட் கார்டுல போட்டு, பாக்கி வெச்சு, மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா 26 ரூபாய். ரெண்டு மாசம் இழுத்தா 50 ரூபாய் மிச்சம் காலி.

மூணுக்கும் நல்ல பதில் இருந்தா தைரியமா வாங்குங்க. ஒண்ணுல உதைச்சாலும் அரைக் கிலோ போதும். எங்க அம்மா இன்னைக்கும் அரிசியை மூட்டையா வாங்குவாங்க, பருப்பை பலசரக்குக் கடையில வாராவாரம் வாங்குவாங்க. சின்ன வயசுல அது கஞ்சத்தனம்னு நினைச்சேன். இப்பதான் கணக்கு புரியுது.

இந்த மாச வீட்டுப்பாடம்

அடுத்த பில் வந்ததும் அடியில இருக்கிற 'நீங்கள் சேமித்தது' தொகையைப் பாருங்க. கடையை விட்டு வெளியே வர்றதுக்குள்ள அந்தத் தொகையை உங்க அவசரகால நிதி அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க. மாத்த முடிஞ்சா அது சேமிப்பு. மாத்தக் கை நடுங்குச்சுன்னா, நீங்க சேமிக்கலை, அதிகமா செலவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். மூணு மாசம் செஞ்சு பார்த்துட்டு எவ்வளவு சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க. உங்க ஊர்ல எதை மொத்தமா வாங்கினா லாபம்னும் எழுதுங்க, அடுத்த வீடியோவுல சேர்த்துக் கணக்குப் போடுவோம்.